இருட்டில் ஊறும் நீலம்

தட்டை இருட்டில் வைத்தாயிற்று. இனிக் கால் மணி நேரத்துக்குச் செய்ய ஒரு வேலையும் கிடையாது, அதுதான் செண்பகத்துக்குப் பயமாக இருந்தது. காலையிலிருந்து கை ஓடிக்கொண்டே இருந்தது, மனசும் கைக்குப் பின்னாலேயே ஓடியது; சொட்டு விடுவது, மூடி வைப்பது, கழுவுவது, தட்டைக் கவிழ்த்துத் துணியில் தட்டி உதறுவது, மறுபடி சொட்டு விடுவது என்று. இப்போது கடைசி மருந்தையும் விட்டு, தட்டுக்கு வெள்ளித்தாளைச் சுற்றி, மேசை இழுப்பறைக்குள் வைத்துத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்ததும் மனசு கையை உதறிவிட்டு இறங்கித் தன் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தது. எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே போக விடக்கூடாது. ஜன்னலைப் பார்க்கலாம். ஜன்னலுக்கு வெளியே மாட்டாஸ்பத்திரி முற்றம், வேப்பமரம், மரத்தடியில் ஒரு கன்றுக்குட்டியைக் கயிற்றோடு பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குகிற ஒரு ஆள். சுவருக்கு அந்தப் பக்கம் பூனை வார்டு. மத்தியானச் சாப்பாடு ஆகிவிட்டால் அங்கே மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. இங்கே மூலையில் குளிர்ப்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. உறுமல் என்று சொல்ல முடியாது. நெஞ்சுக்குள் நூல் திரிக்கிற மாதிரிப் பூனை ஒரு சத்தம் எழுப்புமே, அந்தச் சத்தம். இரண்டு வருஷமாக இந்த ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள், அதே பெட்டிதான், அதே மூலைதான், ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. இப்போது கொஞ்ச நாளாகத்தான் கேட்கிறது.

பெட்டிக்குள் பூனைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. ரத்தத்தைச் சுழற்றித் தெளிய வைத்து மேலாக எடுத்த நீர், வைக்கோல் நிறத்தில் இருக்கும், குட்டிக் குழாய்களில் உறைந்து கிடக்கும். அடிவயிற்றில் கட்டி வந்த பூனைகளும் வராத பூனைகளும் பக்கத்தில் பக்கத்தில். டாக்டர் கிருபாவதியின் ஆராய்ச்சி அது. பூனைக்கு மார்புக் காம்புகள் வயிறு நெடுக இருக்கும், அங்கே கட்டி வந்தால் அநேகமாகக் கெட்ட கட்டிதான். அது கையில் தட்டுப்படும்போது நாள் கடந்திருக்கும். அதற்கு முன்னாலேயே ரத்தம் ஏதாவது ஜாடை காட்டுமா, புற்று ஒரு புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுமா என்பதுதான் கேள்வி. கசிந்திருந்தால் தட்டின் குழியில் நீலம் ஊறும். இல்லையென்றால் குழி வெறும் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். எவ்வளவு நீலத்துக்கு மேலே போனால் நோய் என்று இன்னும் உறுதியாகவில்லை, அந்தக் கோட்டைத்தான் தேடுகிறார்கள். பொம்மைக்குச் செய்த பல்லாங்குழி மாதிரி இருக்கிற அந்தத் தட்டுகூடப் பூனைக்கென்று செய்தது இல்லை. மனுஷிகளுக்குச் செய்தது. மனுஷி ரத்தத்திலும் பூனை ரத்தத்திலும் அந்தப் புரதம் ஏறக்குறைய ஒரே சாயல், மனுஷிக்கு வைத்த கண்ணியில் பூனையும் மாட்டும் என்று கிருபா அக்கா முதல் நாளே விளக்கியிருந்தாள். அன்றைக்குச் செண்பகம் அதைக் கேட்டுச் சிரித்தாள். என்னத்துக்குச் சிரித்தோம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறாள். ஒரு கண்ணி, இரண்டு பிராணி. சிரிக்கிற விஷயமா அது?

ஜரிகையின் நீரும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. ஜரிகை இப்போது உயிரோடு இல்லை. மேலப்பாளையத்துத் தையல்காரர் காஜா மைதீனின் பூனை, சாம்பல் உடம்பில் மஞ்சள் கோடு ஓடுவதால் அந்தப் பேர். அது ஈன்ற குட்டிகளைத் தெருவில் கொண்டு விட அவருக்கு மனசு வரவில்லை. குட்டியே பிறக்காமலிருக்க யாரோ சொன்னார்கள் என்று வருஷா வருஷம் தடை ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்த ஊசிதான் கட்டியை வரவழைத்திருக்கும் என்று இங்கே யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே எங்கேயோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நான் நல்லதுக்குன்னுதான் நெனச்சேம்மா. அது அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பூனைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யார் கண்டது. முதல் தடவை ஜரிகையைக் கொண்டுவந்த அன்று பிடித்துக்கொண்டவள் செண்பகம்தான். கிருபா அக்கா எந்தப் பூனையைத் தொடுவதற்கு முன்னாலும் உள்ளங்கை இரண்டையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்குவாள், தன் கன்னத்தில் வைத்துச் சூடு வந்துவிட்டதா என்று பார்ப்பாள், பிறகுதான் வயிற்றில் கை வைப்பாள். சில்லென்ற கை பட்டால் பூனை வயிற்றை இறுக்கிக்கொள்ளும், கட்டி உள்ளே ஒளிந்துகொள்ளும் என்பாள். கொண்டுவருகிறவர்கள் ஏதோ மந்திரம் போடுகிறாள் என்று நினைப்பார்கள். அன்றைக்கும் தேய்த்தாள், தொட்டாள், ஒவ்வொரு காம்பாக விரலால் உருட்டிக்கொண்டே போனாள். ஜரிகை சீறவில்லை, கடிக்கவில்லை. முன்னங்கால் இரண்டையும் செண்பகத்தின் நெஞ்சில் ஊன்றிப் பிசைய ஆரம்பித்தது, தாயிடம் பால் குடிக்கிற குட்டி பிசையுமே, அந்த மாதிரி. இந்தக் கால், அந்தக் கால், இந்தக் கால், அந்தக் கால். அப்புறம் ஒரே கால், ஒரே இடம். இடது பக்கம், மேலே, அக்குளை ஒட்டி. அந்த இடத்தை அமுக்கியது, காலை எடுக்காமல் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது. நகம் வெளியே வரவில்லை. அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது சோப்புக் கை அந்த இடத்தில் தடுக்கி நின்றது. புளியங்கொட்டை. அதே அளவு, அதே வழவழப்பு. ஆனால் தோலுக்குக் கீழே புளியங்கொட்டை என்றால் வழுக்கி நகர வேண்டும், இது நகரவில்லை. பூனை என்றால் பிசையத்தான் செய்யும். எல்லாப் பூனையும் பிசையும். தலையணையைப் பிசையும், சாக்கைப் பிசையும். ஜரிகை ஏன் நிறுத்தியது? நிறுத்தியதால் என்ன, கால் வலித்திருக்கும். ஏன் முகத்தைப் பார்த்தது?

நினைக்கக்கூடாது என்றால் கோமு அத்தை வந்துவிடுவாள். கூப்பிடாமலே வருவாள். அப்பாவின் அக்கா, சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்டவள். கடைசிக் காலத்தில் அத்தை முந்தானையை இடது தோளில் இரண்டு மடிப்பாகப் போட்டிருப்பாள், சித்திரை வெயிலிலும் அப்படித்தான். செண்பகம் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. லீவுக்குப் போனால் ஓடிப்போய் மடியில் விழுவாள், அத்தை வலது பக்கமாகவே வாங்கிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை மட்டும் சாம்பிராணி போட்ட வீட்டில் தினமும் போட ஆரம்பித்தார்கள், அப்புறம் இரண்டு வேளை, அப்புறம் எந்த நேரமும் புகை. புகைக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. அது என்ன வாசம் என்று கேட்டதற்கு அத்தை எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்றாள், வீட்டில் எல்லோருமாகப் பரணையெல்லாம் ஏறித் தேடினார்கள். அத்தையும் கூடவே நின்று அங்கே பார், இங்கே பார் என்று கை காட்டினாள். மகள் கல்யாணம் முடியட்டும் என்று இருந்திருக்கிறாள். பந்தல் பிரித்த அன்று அம்மாவை உள் அறைக்குக் கூப்பிட்டு ரவிக்கையை அவிழ்த்துக் காட்டினாளாம். அம்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள், கொண்டுவந்து கொடுத்ததைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். உள்ளே என்ன பார்த்தாள் என்று இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. அத்தை வீட்டில் பூனை இருந்ததா? இருந்ததாக ஞாபகம் இல்லை. எலியைத் தேடிப் பரண் ஏறியவர்கள் பூனை வளர்த்திருப்பார்களா? ஆனால் இந்தக் கொஞ்ச நாளாக அத்தையை நினைக்கும்போதெல்லாம் அவள் மடியில், இடது பக்கம், ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. சாம்பல் உடம்பு. மஞ்சள் கோடு. முதலில் அது படுத்திருந்தது. இப்போது நினைக்கும்போது எழுந்து உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்க்கிறது.

செண்பகத்துக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளை தூத்துக்குடியில் வேலை, நல்ல மாதிரி, போனில் பேசும்போது இடையிடையே என்ன பேசுவதென்று தெரியாமல் சாப்பிட்டாச்சா என்று கேட்பவர். கல்யாணம் முடியட்டும். இந்த வார்த்தை அவளுக்குள் எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் பல் விளக்கும்போது வாயில் இருந்தது, துப்பினாள், போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு எழுதுவார்கள், சீட்டு எழுதினால் அது ஆகிவிடும். போகாதவரை அது புளியங்கொட்டை. ஆனால் தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது, நல்ல புத்தி என்றே அன்று தோன்றியது. கட்டியை அறுத்தெடுத்த தையலைப் பிரிக்க ஜரிகை வந்த அன்று, எல்லோரும் சாப்பிடப் போனபின், ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கித் தன் கையில் தானே ஊசி ஏற்றி ஒரு குழாய் ரத்தம் எடுத்தாள். சுழற்றுகிற எந்திரத்தில் ஒரு குழாய் வைத்தால் எதிரே அதே எடையில் இன்னொன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடகடவென்று ஆடும். எதிரே வைக்க அப்போது கையில் இருந்தது ஜரிகையின் குழாய். மூடியை மூடினாள். அவளும் ஜரிகையும் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் துரத்திச் சுற்றினார்கள். எந்திரம் ஒரு நூல்கூட ஆடவில்லை. அடுத்த வாரம் காஜா மைதீன் வெறும் கூடையோடு வந்தார், கூடையை என்ன செய்வதென்று தெரியவில்லை, வேறு பூனைக்கு ஆகட்டும் என்று வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் வார்டு வாசலில் இருக்கிறது.

குழாயில் ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டுமே. பேர், ஆணா பெண்ணா, வயது. எல்லாப் பூனைக்கும் எழுதுகிற மாதிரி மளமளவென்று எழுதினாள். பேர் கேட்ட இடத்தில் பேனா சும்மா நிற்கக்கூடாதே என்று கோமு என்று எழுதியது. நேற்றுச் சாயங்காலம் மற்ற குழாய்களோடு கடைசியாக அதையும் செருகிவிட்டாள். கடைசிக் குழாயாக வைத்துக்கொண்டால் கடைசிக் குழி தன்னுடையது, அந்த ஒரு குழியைமட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் துடைத்துவிடலாம் என்பது கணக்கு. காலையில் வந்தால் கிருபா அக்கா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கலைத்திருந்தாள். ஒட்டுச்சீட்டு மேலெல்லாம் வெள்ளைத் தாள் சுற்றி நம்பர் மட்டும் போட்டிருந்தாள். வழக்கம்தான் அது, எது நோவுப் பூனை, எது நல்ல பூனை என்று தெரிந்தால் பார்க்கிறவள் கண் பொய் சொல்லும் என்று ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒருத்தி கலைப்பதும் மற்றவள் செய்வதுமாகத்தான் வேலை. எந்த நம்பர் எந்தப் பூனை என்பது கலைத்தவளுக்கு மட்டும் தெரியும். இதை எப்படி மறந்தாள்? தினமும் செய்கிற காரியத்தை எப்படி மறப்பாள் ஒருத்தி? மறக்கவில்லையோ? குழாய்களை எண்ணியாவது பார்த்திருக்கலாம். எண்ணவில்லை. எண்ணக் கை வரவில்லை. ஒவ்வொன்றையும் திறந்து உறிஞ்சிக் குழியில் விடும்போது இதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே வைக்கோல் நிறம், எல்லாம் ஒரே கனம். தன்னுடையதைத் தொட்டால் தெரியும் என்று நினைத்திருந்தாள். தெரியவில்லை.

அப்பா ஒரு கதை சொல்வார், ராட்சசன் தன் உயிரை உடம்பில் வைத்துக்கொள்ளாமல் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு பெட்டிக்குள் ஒரு சம்புடத்துக்குள் ஒரு வண்டுக்குள் வைத்திருப்பான், அதனால் யார் வெட்டினாலும் சாகமாட்டான். சின்ன வயதில் அவளுக்கு ராட்சசன் மேல் பயமே வந்ததில்லை. வண்டை நினைத்துத்தான் பயப்படுவாள். அதற்குத் தெரியுமா, தனக்குள் இன்னொருத்தன் உயிர் இருக்கிறதென்று? இருட்டில் உட்கார்ந்து அது என்ன செய்யும்? இப்போது இழுப்பறைக்குள், வெள்ளித்தாளுக்குள், ஏதோ ஒரு குழிக்குள் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கம் ஒரு பூனை, அந்தப் பக்கம் ஒரு பூனை. செத்துப்போன ஜரிகைகூட அங்கே இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீலம் ஊறினால்? ஊறினால் ஒன்றும் இல்லை, மனுஷிக்குச் செய்த தட்டு மனுஷி ரத்தத்தில் கொஞ்சம் நீலம் காட்டத்தான் செய்யும், நல்ல உடம்பிலும் அந்தப் புரதம் உண்டு. ஊறாவிட்டால்? அதுவும் ஒன்றும் இல்லை, எத்தனையோ கட்டி எதையும் கசிய விடாமல் கமுக்கமாக இருக்கும். எப்படிப் பார்த்தாலும் இந்தத் தட்டுக்கு அவளைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். ரத்தம் எடுப்பதற்கு முன்னாலும் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள், பதில் சொல்லாத ஆளாகப் பார்த்து. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பூனை ஒரே ஒரு தடவை கத்தியது. குளிர்ப்பெட்டி நின்றது. அது நின்ற பிறகும் அந்த நூல் திரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கேயிருந்து என்று திரும்பிப் பார்த்தாள், பிறகு கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள், உடனே எடுத்துவிட்டாள்.

கிருபா அக்கா அடுத்த அறையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு அவளும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள். தினமும் காலையில், பூனை வாசத்தோடு தூத்துக்குடிக்குப் போனால் மாப்பிள்ளை மீனைத் தூக்கிப் பரணில் வைப்பார் என்று ஏதாவது சீண்டாமல் இருக்கமாட்டாள். இன்று ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடும்போது தன் டப்பாவிலிருந்து அவித்த முட்டையை எடுத்து, வேண்டுமா என்று கேட்காமல், செண்பகத்தின் சோற்றின் மேல் வைத்தாள். இப்போதும் கதவுக்குப் பின்னால் எதையும் படிக்கவில்லை, எழுதவில்லை. இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். மடியில் ஏதோ இருக்கிற மாதிரி ஒரு கையை வைத்துக்கொண்டு. என்ன இருக்கிறது மடியில்?

மணி அடித்தது. செண்பகம் இழுப்பறையைத் திறந்து தட்டை எடுத்து வெள்ளித்தாளை உரித்தாள். நீலம். சிலது விடிகாலை வானம் மாதிரி, சிலது சொட்டு நீலம் போட்ட வாளித் தண்ணீர் மாதிரி, சிலது ஒன்றுமே இல்லாமல். மூன்றாவது வரிசை நடுவில் ஒரு குழி மட்டும் மையாக நின்றது. அதுதான். வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, அதுதான். இனி அமிலத்தை விட வேண்டும். விட்டால் நீலம் அந்த இடத்திலேயே நின்று மஞ்சளாக மாறும், எந்திரத்தில் வைத்து அளக்கலாம். விடாமல் போட்டுவைத்தால் நீலம் ஊறிக்கொண்டே போகும், வெளுத்த குழிக்கும் ஏறும், கடைசியில் நல்லது கெட்டது தெரியாமல் எல்லாம் ஒரே நீலமாகிவிடும். அமிலப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எட்டவில்லை. மையாக இருந்த குழியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுவும் பார்த்தது. பக்கத்துக் குழி கறுத்தது. அதற்குப் பக்கத்துக் குழி கறுத்தது. பரணில் எலியைத் தேடுகிறார்கள், அத்தை கூடவே நின்று அங்கே பார், இங்கே பார் என்கிறாள். பூனை மடியிலிருந்து இறங்கிவிட்டது. எங்கே போயிற்று?

"நிறுத்துட்டி. ஊறிக்கிட்டே போவுது பாரு."

கிருபா அக்கா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, தோளுக்குப் பின்னால் நின்றாள். செண்பகம் திரும்பவில்லை. வாயில் அந்த வார்த்தைதான் இருந்தது, கல்யாணம் முடியட்டும், அதைத் தள்ளிவிட்டு அதற்குக் கீழே கிடந்ததை எடுக்க வேண்டியிருந்தது.

"அக்கா, இதுல ஒண்ணு பூனையோடது இல்ல."

கிருபா அக்கா எட்டிப் புட்டியை எடுத்தாள், வரிசை வரிசையாகத் தானே அமிலத்தை விட்டுக்கொண்டு போனாள். ஒவ்வொரு வரிசையாக நீலம் செத்து மஞ்சள் ஆனது. கடைசிக் குழிவரை விட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள். "எல்லாம் பூனையோடதுதான்" என்றாள். "அந்த மையா நின்னுச்சே, அது ஜரிகை." பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெள்ளைத் தாள் சுற்றாத குழாய். திறக்காத குழாய். இவ்வளவு நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தது அதுதான், உறைந்திருந்தது கரைந்து கை வெதுவெதுப்பில் இருந்தது. கோமு, பெண், இருபத்தேழு.

"இருவத்தேழு வயசுல பூனை எந்த ஊர்லட்டி இருக்கு?"

செண்பகம் அந்தச் சீட்டைப் பார்த்தாள். தன் கையெழுத்துதான். தினமும் எழுதி எழுதிப் பழகிய கை பேரை மாற்றியது, வயதை மாற்ற மறந்துவிட்டது. சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, பாதியில் வேறாகிவிட்டது. கிருபா அக்கா அவளை அழ விட்டாள். நேற்று ராத்திரி கலைக்கும்போதே பார்த்துவிட்டதாகவும், நீயாகச் சொல்வாய் என்று காலையிலிருந்து காத்திருந்ததாகவும், ஒரு முட்டையை முழுங்கிவிட்டும் வாயைத் திறக்கவில்லையே நீ என்றும் மெதுவாகச் சொன்னாள். கோமு யார் என்று கேட்டாள். அத்தை என்றாள் செண்பகம். இருக்கிறாளா என்றாள். இல்லை என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். முற்றம், வேப்பமரம், கன்றுக்குட்டி எல்லாம் போயிற்று. "நான் மாட்டு டாக்டரு, நான் சொல்லுறது கணக்குல வராது. நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போறோம், ரெண்டு பேருமா. உங்க அம்மாகிட்டயும் நானே பேசுதேன். இப்ப சும்மா தொட்டுப் பாக்கேன், அவ்வளவுதான்" என்றாள். கையுறைகளைக் கழற்றி மேசைமேல் போட்டாள். "எந்தப் பக்கம்?"

"இடது."

குளிர்ப்பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. செண்பகம் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து மேல் பித்தானைத் தேடினாள், விரல் நழுவியது, மறுபடி தேடினாள். கிருபா அக்கா எதிரே நின்று உள்ளங்கை இரண்டையும் பரபரவென்று தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இரு, இன்னும் சூடு வரல."